மின்சாரக் கார் வாங்குமுன் எழுதிப் பார்க்க வேண்டிய மூன்று கணக்குகள்



நமது சங்கக் கூட்டங்களில் இப்போதெல்லாம் துவரம்பருப்பு விலையும் ஜி.எஸ்.டி. விவகாரமும் பேசி முடிந்தவுடன் பேச்சு மின்சாரக் காரின் பக்கம் திரும்பிவிடுகிறது. வீட்டில் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி கடைக்கே வந்து, கல்லாவுக்கு முன் நின்று, மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார். உள்ளே உட்கார்ந்தால் விமானத்தில் உட்கார்ந்தது போல் இருக்கும்; அரசாங்கம் சலுகை தருகிறது; கரண்ட் போனால் வீடே இந்தக் காரில் ஓடும்.

மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் அள்ளிப் போட்டு நிறுக்கும்போதுதான் நாம் ஏமாறுகிறோம். உள்வசதி என்பது குடும்பச் செலவுக் கணக்கு. சலுகை என்பது கொள்முதல் கணக்கு. வீட்டுக்குக் கரண்ட் என்பது இன்வெர்ட்டர் வாங்கும் கணக்கு. ஒன்றில் வந்த வரவை மற்றொன்றில் எழுதி, "எல்லாம் சேர்த்துப் பார்த்தால் லாபம்தான்" என்று முடிவு கட்டினால், கடையின் முதலிலிருந்து 10, 15 லட்சம் வெளியே போன பிறகுதான் விவரம் தெரியும். நான் மதுரை கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்கிறவன். பொறியியல் படித்தவனல்ல. இருந்தாலும் கிலோவைப் போல யூனிட்டும் ஓர் அளவைதானே! கணக்குப் போட்டுப் பார்க்க நமக்குத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது?

மின்சாரக் காரில் பேட்டரி தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. ஆரம்பத்தில் பெட்ரோல் காராக வந்து, பிறகு அதே உடலில் மின்சாரக் காராக மாற்றப்பட்ட மாடல்களில், இதனால் உள்தரை சற்று மேடேறிவிடும். பின்சீட்டில் உட்காருபவரின் முழங்கால் மேலே தூக்கிக்கொள்ளும். தொடைக்கு அடியில் ஆதாரம் இருக்காது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போய், பின்சீட்டில் உட்கார வைத்து, அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சேலை கட்டியவர் ஏறி இறங்க முடிகிறதா, வேட்டி கட்டியவர் கால் வைக்கும் இடத்தில் துணி மாட்டுகிறதா என்பதையெல்லாம் ஷோரூம் வெளிச்சத்தில் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று, பெரிய கண்ணாடித் திரை. ஏ.சி.யைக் கூட்டுவதும் குறைப்பதும்கூடச் சில வண்டிகளில் திரையைத் தொட்டுத்தான் செய்ய வேண்டும். ஓட்டும்போது கண் சாலையில் இருக்க வேண்டும்; விரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போக வேண்டும். பொத்தான் உள்ள வண்டியே என் ஓட்டு. இருக்கைத் துணி வெள்ளை, வெளிர் சாம்பல் என்று வருகிறது, பார்க்க அழகுதான். மஞ்சள் தூளும் மிளகாய் வற்றலும் புழங்கும் கடையிலிருந்து நேரே போய் அதில் உட்கார்ந்து எழுந்தால் ஆறு மாதத்தில் என்ன நிறமாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

டிக்கி விஷயத்துக்கு வருகிறேன். டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்கிறார்கள். டாடா டியாகோ மின்சாரக் காரில் 240 லிட்டர், நெக்ஸானில் 350 லிட்டர், எம்.ஜி. விண்ட்சரில் 604 லிட்டர் என்று கம்பெனிகள் அச்சிட்டுத் தருகின்றன. நம்மவர்கள் உடனே மனத்துக்குள் 25 கிலோ அரிசி மூட்டையை அதில் அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "குடும்பத்துக்குக் காரும் ஆச்சு, அவசரத்துக்குச் சரக்கும் ஏத்திக்கலாம்" என்கிற இந்த எண்ணத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

காரணம் இடம் போதாமை அல்ல, இன்சூரன்ஸ். தனியார் கார் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். பயன்பாட்டுக் கட்டுப்பாடு என்ற பகுதியில், வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிச் சரக்கும் சொந்த மூட்டை முடிச்சும் தவிர மற்ற சரக்கு ஏற்றுவதும் பாலிசியில் அடங்காது என்று இருக்கும். அதாவது, வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு பை மிளகாய் மாதிரி எடுத்துப் போகலாம். ஆறு மூட்டை பருப்பை ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து நடந்தால், சர்வேயர் வந்து டிக்கியைத் திறந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார். அதன்பின் 13 லட்ச ரூபாய் வண்டிக்கு நஷ்ட ஈடு வாங்க நீங்கள் அலைய வேண்டியதுதான். பெட்ரோல் காருக்கும் இதே விதிதான். ஆனால் மின்சாரக் காரை "ஓட்டச் செலவே இல்லை" என்று சொல்லிச் சரக்குக்கும் பயன்படுத்தும் ஆசை அதிகம் வருவதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மின்சார வண்டிக்குப் பச்சை நம்பர் பலகை என்பது தெரியும். 2018இல் வந்த இந்த விதிப்படி, சொந்த உபயோக வண்டிக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து. வாடகை, சரக்கு வண்டிக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். சோதனை அலுவலருக்கு அப்படித் தெரியாது.

சலுகை யாருக்கு, எவ்வளவு, எதுவரை?

"சப்சிடி உண்டு" என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் நான்கைந்து வேறு வேறு சரக்குகள் கலந்து கிடக்கின்றன. பொறுக்கிப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, மத்திய அரசின் நேரடி மானியம். 2015இல் தொடங்கிய ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை நடந்தது. அதன்பின் 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் இடைக்காலத் திட்டம். 2024 அக்டோபர் 1 முதல் பி.எம். இ-டிரைவ் என்ற பெயரில் 10,900 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் புதுத் திட்டம். இவற்றில் எதிலும் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு மானியம் கிடையாது. இரண்டாம் கட்ட ஃபேமில்கூட நான்கு சக்கரத்தில் வணிகப் பயன்பாட்டு வண்டிக்குத்தான் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் வீட்டுக் காருக்கு "சென்ட்ரல் சப்சிடி கழித்த விலை" என்று யாராவது கொட்டேஷன் தந்தால், அது கம்பெனியின் தள்ளுபடி. ஆண்டுக் கடைசியில் இருப்பைத் தள்ள நாமும் தருவோமே, அதே தள்ளுபடி. தள்ளுபடி என்றால் பேரம் பேசலாம். அரசு மானியம் என்று நினைத்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வோம்.

இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு மானியம் இருந்தது. சரக்கு ஆட்டோ வகைக்கு பி.எம். இ-டிரைவில் முதல் ஆண்டு பேட்டரியின் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 5,000 ரூபாய், உச்சவரம்பு 50,000. இரண்டாம் ஆண்டு யூனிட்டுக்கு 2,500, உச்சவரம்பு 25,000. இவ்விரு வகைக்கும் 2026 மார்ச் 31 வரைதான் என்று 2025இல் அறிவித்தார்கள். வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருந்தார்கள். மானியம் என்பது இப்படித்தான். ஆண்டுக்கு ஆண்டு தேயும். 2023 ஜூன் 1ஆம் தேதி ஸ்கூட்டருக்கான மானியத்தை யூனிட்டுக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகக் குறைத்தபோது, முதல் நாள் வாங்கியவருக்கு ஒரு விலை, மறுநாள் வாங்கியவருக்கு ஒரு விலை. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை ஏற்றிய அன்று நாம் பட்ட பாடு நினைவிருக்கும். ஆகவே பில் போடும் நாளில் என்ன நடப்பில் இருக்கிறதோ அதை மட்டும் கணக்கில் எடுங்கள். "அடுத்த மாதம் வந்துடும் சார்" என்ற வாக்கை எழுதிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12. இது விலையிலேயே அடங்கி வந்துவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28லிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டதால், பழைய வித்தியாசம் சுருங்கிவிட்டது. அதற்கு முன் யாரோ போட்டுக் கொடுத்த ஒப்பீட்டுக் கணக்கு உங்களிடம் இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

மூன்றாவது, சாலை வரி. நம் மாநிலத்தில் கார் வாங்குகிறவருக்கு உண்மையான பெரிய சலுகை இதுதான். 2023 நவம்பரில் தமிழகத்தில் கார்களுக்கான வாழ்நாள் வரி கூட்டப்பட்டது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மின்சார வண்டிக்கு 100 சதவீத விலக்கு. 2023 பிப்ரவரியில் வெளியான மாநிலக் கொள்கையில் இது 2025 டிசம்பர் 31 வரை என்று இருந்தது. அதன்பின் வாங்குகிறவருக்கு, வண்டி பதிவாகும் நாளில் எந்த அரசாணை நடப்பில் உள்ளதோ அதுவே பொருந்தும். முன்பணம் கட்டிய நாள் கணக்கில்லை. டெலிவரி தள்ளிப்போகும் வண்டிக்கு ஆண்டுக் கடைசியில் முன்பணம் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது.

நான்காவது, வருமான வரி. மின்சார வண்டிக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை கழிவு என்று ஒரு சலுகை இருந்தது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டும்தான் அது. இன்னும் சில ஷோரூம்களில் இதைச் சொல்லி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். புதுக் கடனுக்கு அது இல்லை. தேய்மானம் சாதாரணக் காருக்கு 15 சதவீதம், மின்சார வண்டிக்கு 40 என்று பழைய விதியில் இருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நம்மில் சிறு கடைக்காரர்கள் பலர் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் கணக்குக் கொடுப்பவர்கள். அவர்களுக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது. 15 ஆனாலும் 40 ஆனாலும் ஒன்றுதான்.

ஐந்தாவதாக, உள்ளீட்டு வரி வரவு. கடைப் பெயரில் பில் போட்டு வாங்கினால் ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு அது தடை செய்யப்பட்டுள்ளது; கார் அதில் அடங்கிவிடும். சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். அடிப்படை விலை 4 லட்சம் உள்ள மின்சாரச் சரக்கு ஆட்டோவுக்கு 5 சதவீதம் 20,000 ரூபாய் வரவு வரும். காம்போசிஷனில் இருப்பவருக்கு இல்லை. வரி இல்லாத சரக்கும் சேர்ந்து விற்பவருக்கு விகிதாச்சாரப்படி குறையும்.

முதலுக்கு என்ன ஆகிறது?

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. ஷோரூம் விலை 13,00,000 ரூபாயில் ஒரு மின்சாரக் கார். அதே அளவில் 10,50,000 ரூபாயில் ஒரு பெட்ரோல் கார். பெட்ரோல் காருக்கு 18 சதவீதச் சாலை வரி 1,89,000 சேர்ந்தால் 12,39,000. வித்தியாசம் 61,000தான். வீட்டில் சார்ஜர் மாட்ட, தனி வயர் இழுக்க, எர்த் சரிசெய்ய ஒரு 25,000 வையுங்கள். ஆக 86,000 ரூபாய் கூடுதல் முதலீடு.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், விலை 100 ரூபாய் என்று வைத்து, பெட்ரோல் 6,700 ரூபாய். மின்சாரத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர். ஏற்றும்போது ஆகும் சேதாரமும் சேர்த்து 160 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 1,600. மாதம் 5,100 மிச்சம். 17 மாதத்தில் கூடுதல் முதலீடு வந்துவிடும். யூனிட் 10 ரூபாயா என்று கேட்பீர்கள். வீட்டு மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. இரண்டு மாதத்தில் 400 யூனிட் எரிக்கும் வீட்டில் காருக்கு 320 யூனிட் சேர்ந்தால் அந்த 320ம் மேல் அடுக்கில்தான் விழும். பழைய பில்லின் சராசரியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

சரி, நம் கடைக்காரர் மாதம் எவ்வளவு ஓட்டுகிறார்? காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறவர். கார் வாசலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அரை நாள், ஒரு கல்யாணம், ஒரு குலதெய்வம் கோயில். 300 கிலோமீட்டர் வந்தால் அதிகம். அவருக்கு மிச்சம் மாதம் 1,500 ரூபாய்தான். கூடுதல் முதலீடு திரும்ப நான்கே முக்கால் ஆண்டு ஆகும். ஓடாத வண்டியில் எரிபொருள் மிச்சம் ஏது?

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அந்த 13 லட்சம் கடையில் சரக்காக இருந்தால் என்ன செய்யும்? மாதம் ஒரு சுற்று வந்து, சுற்றுக்கு நூற்றுக்கு 2 ரூபாய் நின்றாலே 26,000 ரூபாய். ஆகவே முழுப் பணமும் கட்டி வாங்குவதில் பெருமை இல்லை. கடனில் வாங்கினால் 9 சதவீத வட்டிக்கு முதல் ஆண்டு மாதம் சுமார் 9,750. அதற்காக வங்கியில் உள்ள ஓ.டி. கணக்கிலிருந்து எடுத்துக் கார் வாங்குவது கொடுமை. பண்டிகைக் கொள்முதல் நேரத்தில் லிமிட் தீர்ந்து நிற்போம். கார் கடன் காருக்கு, ஓ.டி. சரக்குக்கு.

பேட்டரிக்கு மட்டும் வாடகை என்று ஒரு முறை வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. விண்ட்சர் அறிமுகமானபோது, பேட்டரி இல்லாத விலை 9,99,000, பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை என்று அறிவித்தார்கள். பருப்பு ஒரு விலை, சாக்குக்குத் தினமும் வாடகை என்பது போல! குறைய ஓட்டுகிறவருக்கு இது பொருந்தும் என்று தோன்றும். ஆனால் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் குறைந்தபட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, நடுவில் விற்றால் வாடகை ஒப்பந்தம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் அபிப்பிராயத்தில், நம் தொழிலில் முதலில் மின்சாரமாக வேண்டியது வீட்டுக் கார் அல்ல, சரக்கு ஆட்டோ. தினம் 70 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடும் வண்டி அது. டீசல் 6,700 ரூபாய் ஆகுமிடத்தில் மின்சாரம் 2,000 ரூபாயில் முடியும். உள்ளீட்டு வரி வரவும் உண்டு. மின்சார வாடகை, சரக்கு வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்றும் 2018இலேயே மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. மஹிந்திரா ட்ரியோ ஸோர் 7.37 யூனிட் பேட்டரியில் 550 கிலோ ஏற்றும். நாம் குட்டி யானை என்று அழைக்கும் டாடா ஏஸின் மின்சார ரகம் 2022இல் 21.3 யூனிட் பேட்டரியும் 600 கிலோ சுமையுமாக வந்தது, 2024இல் ஒரு டன் ஏற்றுவதும் வந்தது. அச்சிட்ட சுமைக்கு மேல் ஏற்றினால் டீசல் வண்டி முனகிக்கொண்டே போகும். மின்சார வண்டி பாதி வழியில் சார்ஜைத் தின்றுவிடும். இதன் பேட்டரியைக் கடை இணைப்பில் ஏற்றுங்கள். வியாபார வண்டிக்கு வீட்டு இணைப்பைப் பயன்படுத்தினால் மின்வாரியத்தோடு தகராறு வரும்.

கரண்ட் போனால் காரா, இன்வெர்ட்டரா?

காரின் பேட்டரியிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வசதிக்கு வி-டூ-எல் என்று பெயர். எல்லாக் காரிலும் இல்லை. எல்லா ரகத்திலும் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த புதிய நெக்ஸான் மின்சாரக் காரின் உயர் ரகத்திலும், 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாய் கிரெட்டா மின்சாரக் காரிலும் உண்டு. நெக்ஸானில் 3.3 கே.வி.ஏ. வரை, ஹூண்டாய் அயோனிக் 5இல் 3.6 கிலோவாட் வரை எடுக்கலாம். விலை குறைந்த சிறிய மாடல்களில் பெரும்பாலும் கிடையாது. சரக்கு ஆட்டோக்களில் பொதுவாக இல்லை. அடாப்டர் வண்டியோடு வருகிறதா, தனி விலையா என்பதையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

இதன் சக்தியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு உள்ள 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட்தான், அதிலும் கைக்கு வருவது சுமார் 1.3. நான்கு மின்விசிறி, இரண்டு டியூப் லைட் போட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். காரிலோ 30 யூனிட். இரவு 80 சதவீதம் சார்ஜ் இருந்து, மறுநாள் பயணத்துக்கு 30 சதவீதத்தை ஒதுக்கி வைத்தாலும் 15 யூனிட் எடுக்கலாம். நான்கு விசிறி, ஆறு டியூப் லைட், பிரிட்ஜ், டி.வி. எல்லாம் சேர்ந்து சராசரி 560 வாட் என்றால், சேதாரம் போக 22 மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் பேட்டரிகள் சுமார் பத்து அடுக்கினால்தான் இதற்கு ஈடாகும்.

அப்படியானால் இன்வெர்ட்டரை விற்றுவிடலாமா? கூடாது. 2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் நம் மாநிலத்தில் தினம் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது நமக்குத் தேவைப்பட்டது, கரண்ட் போன அடுத்த நொடியே விளக்கும் தராசும் எரிவது. இன்றைக்கு பில் போடும் கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது. இன்வெர்ட்டர் கண் இமைக்கும் நேரத்தில் தானாக மாறும். காரில் எடுக்க வேண்டுமானால் ஒருவர் இறங்கிப் போய், அடாப்டரை மாட்டி, வயரை உள்ளே இழுக்க வேண்டும். இரவு 2 மணிக்கு மழையில் யார் போவது? அதோடு, கார் கடைக்கு முன் நின்றால் வீட்டுக்கு உதவாது. வீட்டில் நின்றால் கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்கு உதவாது. பிள்ளை அதை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போயிருந்தால் இரண்டுக்கும் உதவாது. அரை மணி, ஒரு மணி மின்தடைக்கு 20, 25 ஆயிரத்தில் முடியும் இன்வெர்ட்டர்தான் சரியான சரக்கு.

காரின் மின்சாரம் பயன்படுவது நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபின் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கம்பங்கள் விழுந்து கிடந்தன. ஆனால் தண்ணீர் தேங்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இந்த வசதியுள்ள கார் ஒரு தெருவுக்கே செல்போன் சார்ஜ் ஏற்றிக் கொடுத்திருக்கும்.

வெள்ளம் வேறு விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் கடைவீதிகள் மூழ்கின. என்னிடம் சரக்கு எடுக்கும் வியாபாரிகள் அங்கே இருக்கிறார்கள். தரைத்தளத்தில் இருந்த மூட்டையும் போயிற்று, தரைத்தளத்தில் இருந்த இன்வெர்ட்டரும் போயிற்று. மாடியில் வைத்திருந்தவருக்கு மட்டும் முதல் இரவு விளக்கு எரிந்தது. அந்தத் தண்ணீரில் கார் எங்கே நிற்கும்? வாசலில்தான். மின்சாரக் கார் பேட்டரிக்கு ஐ.பி. 67 என்று தரம் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை அது. இரண்டு நாள் சேற்று வெள்ளத்தில் நிறுத்தலாம் என்று பொருளல்ல. மூழ்கிய காரில் வயர் மாட்டி வீட்டுக்குக் கரண்ட் எடுக்க நினைப்பது தற்கொலைக்குச் சமம். ஆற்றோரம், கண்மாய்க்கரை ஓரம் கடையும் வீடும் உள்ளவர்கள் காரின் இந்த வசதிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம். அந்தப் பணத்தில் இன்வெர்ட்டரை மாடிக்கு ஏற்றுங்கள்.

மாடியில் சூரியத் தகடு போட்டிருப்பவர்கள் "எனக்கென்ன கவலை, பகலில் அதிலேயே காருக்கு ஏற்றிக்கொள்வேன்" என்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் பலரும் போட்டிருக்கிறார்கள். நல்ல முதலீடுதான். ஆனால் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண முறையில், ஊர்க் கரண்ட் போனால் அதுவும் உடனே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதன் விலை தனி.

இந்த ஷாக் விஷயத்தைக் காருக்கும் சொல்லியாக வேண்டும். அடாப்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு எடுத்து, பிரிட்ஜையும் இரண்டு விசிறியையும் அதில் மாட்டுவது சரி. ஆனால் இரண்டு பக்கமும் பின் உள்ள வயரைச் செய்து, ஒரு முனையைச் சுவரில் உள்ள பிளக்கில் சொருகி வீடு முழுக்க எரிய வைக்கும் வித்தையைச் சிலர் ஜெனரேட்டரில் செய்வார்கள். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறும். புயலுக்குப் பின் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன், சப்ளை இல்லை என்று நம்பிக் கை வைப்பார். வீடு முழுவதற்கும் வேண்டுமானால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு, ஜெனரேட்டருக்குப் போடுவது போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இணையாத ரகமாக இருக்க வேண்டும். போர்வெல் மோட்டாரை இதில் போடாதீர்கள். ஓடும்போது ஒரு கிலோவாட் எடுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். கார் தன்னைக் காத்துக்கொள்ள இணைப்பைத் துண்டித்துவிடும்.

கொட்டேஷன் வாங்கும்போது ஒரே தாளில் மொத்தத் தொகையாக வாங்காமல், ஷோரூம் விலை, கம்பெனித் தள்ளுபடி, அரசு மானியம், சாலை வரி, இன்சூரன்ஸ், சார்ஜர், அடாப்டர் என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது பல கம்பெனிகளின் வழக்கம். வீட்டுக்கு மின்சாரம் எடுத்தால் உத்தரவாதம் குறையுமா என்ற கேள்விக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். ஏற்கெனவே மின்சாரச் சரக்கு ஆட்டோ வைத்திருக்கும் உறுப்பினர்கள், மூன்று மாதத்துக்கு ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய யூனிட், ஏற்றிய சுமை, ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்கள் ஆகியவற்றைக் குறித்து நமது இதழுக்கு அனுப்பி வைத்தால், என் கணக்கில் போட்ட உத்தேச எண்களுக்குப் பதில் நம் ஊர்த் தெருவில் ஓடிய எண்களை அடுத்த இதழில் வெளியிடலாம்.